மேட்டில் பெய்த மழையும் பள்ளத்து வீடுகளும்

(பள்ளியின் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை, மலருக்காக எழுத்து வடிவில்)



பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள் வழக்கமாகக் கல்வியின் பெருமையைப் பேசுவார்கள். ஒழுக்கம், உழைப்பு, தாய்மொழிப் பற்று பற்றியும் பேசுவார்கள். அவையெல்லாம் பேச வேண்டியவைதான். இங்கே என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் இருக்கிறார்கள். ஆகவே நான் வேறொன்றைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தேன். நாம் தினமும் பார்ப்பது, தினமும் நனைவது, ஆனால் உட்கார்ந்து யோசிக்காதது. தண்ணீரைத்தான் சொல்கிறேன்.

"கேமரன் மலையில் தண்ணீரைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? இங்கேதான் வருஷம் முழுக்க மழை பெய்யுதே!" என்று பின் வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. அவர் சொல்வது சரிதான். நம் மலையில் ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னைப் பட்டணத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய இதில் பாதி. ஏப்ரல், மே மாதங்களில் ஒரு முறையும், அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஒரு முறையும் வானம் நமக்கு வஞ்சகம் இல்லாமல் கொடுக்கிறது. அப்படிக் கொடுத்தும் குழாயில் சில நாள் தண்ணீர் வருவதில்லை, வந்தால் கலங்கி வருகிறது. அதே தண்ணீர் கீழே போய் வீட்டை அடித்துக்கொண்டும் போகிறது. வான் சிறப்பு என்று மழைக்கு ஓர் அதிகாரத்தையே வைத்த வள்ளுவர், அதைக் கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக வைத்தார். அந்த அதிகாரத்திலேயே, கெடுப்பதும் மழைதான், கெட்டவருக்குத் துணையாய் நின்று எடுப்பதும் மழைதான் என்ற கருத்தும் இருக்கிறது. கெடுப்பது எப்போது, எடுப்பது எப்போது என்பது பாதி வானத்தின் கையில் இருக்கிறது. மீதிப் பாதி நம் கையில் இருக்கிறது. அந்த மீதிப் பாதியைப் பற்றித்தான் இன்று என் பேச்சு.

தண்ணீர் எங்கே போகிறது?

மாணவர்களே, உங்களுக்கு ஒரு கேள்வி. கியா பார்மில் பெய்கிற மழை எங்கே போகிறது?

"சாக்கடைக்குப் போகுது" என்பீர்கள். சாக்கடையிலிருந்து? "ஓடைக்கு." ஓடையிலிருந்து? இங்கேதான் பெரியவர்களே கொஞ்சம் தடுமாறுவார்கள்.

கியா பார்ம் கடல் மட்டத்துக்கு 1,500 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. ஒரு பக்கம் பிரிஞ்சாங், இன்னொரு பக்கம் திரிங்காப். சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்கும் இங்கிருந்துதான் திரும்புகிறோம். நாம் இருப்பது மலையின் முகட்டுப் பக்கம். இந்த வட்டாரத்தில் பெய்யும் மழை, சரிவைப் பொறுத்து, ஒன்று பெர்த்தாம் ஆற்றுப் பக்கம் இறங்கும், இல்லையென்றால் தெலோம் ஆற்றுப் பக்கம் இறங்கும். இயற்கை இவற்றை இரண்டு வழியாக வைத்திருந்தது. மனிதன் ஒன்றாக்கினான். 1963ஆம் ஆண்டில் முடிந்த கேமரன் மலை மின்சாரத் திட்டத்துக்காக, தெலோம் ஆற்று நீரை மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகப் பெர்த்தாம் பக்கம் திருப்பினார்கள். இரண்டு தண்ணீரும் சேர்ந்து ஹாபு வழியாக ரிங்லெட் ஏரிக்கு வருகிறது. அங்கே சுல்தான் அபு பாக்கார் அணை அதைத் தேக்குகிறது. பிறகு இன்னொரு சுரங்கம் வழியாக மலையின் மறுபக்கம் பேராக் மாநிலத்துக்குப் போய், ஜோர் என்ற இடத்தில் நிலத்துக்கடியில் இருக்கும் சுல்தான் யூசுப் மின் நிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றுகிறது. அந்த நிலையத்தின் திறன் 100 மெகாவாட்.

ஆகவே மாணவர்களே, கேள்விக்குப் பதில் இதுதான். நம் முற்றத்து மழையில் பெரும் பங்கு, எந்தப் பக்கம் சரிந்தாலும், ரிங்லெட் ஏரிக்குப் போகிறது. தண்ணீர் மட்டும் போகவில்லை. அது கரைத்த மண்ணும் கூடவே போகிறது. இதை மனதில் இருத்திக்கொண்டால் நான் சொல்லப்போவது முழுவதும் விளங்கிவிடும்.

ஒரு கணக்கு

கணிதத்தில் பரிசு வாங்கும் பிள்ளைகள் கவனிக்கவும். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். நினைவில் வைக்க எளிதான கணக்கு.

ஓர் ஏக்கர் என்பது ஏறக்குறைய 4,000 சதுர மீட்டர். அந்த ஓர் ஏக்கர் முழுவதும் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. நம் மலையில் இது கேள்விப்படாத மழை இல்லை. 4,000 பெருக்கல் 50: இரண்டு லட்சம் லிட்டர். 200 லிட்டர் பிடிக்கும் டிரம்மில் பிடித்தால் ஆயிரம் டிரம். ஒரே ஏக்கர், ஒரே மணி நேரம், ஆயிரம் டிரம் தண்ணீர்! கூரையில் பெய்தது கூரைக்குள் ஊறாது. அத்தனையும் உடனே ஓரத்துக் கால்வாய்க்கு வந்தாக வேண்டும். சிறுதுளி பெருவெள்ளம் என்று உண்டியலில் காசு போடச் சொல்லிக்கொடுக்கிறோம். அந்தப் பழமொழியின் நேர்ப் பொருள் இதுதான்.

அதே மழை காட்டில் பெய்தால் என்ன ஆகிறது? முதலில் இலை தாங்குகிறது. இலையிலிருந்து சொட்டுவதைக் கீழே கிடக்கும் சருகு வாங்குகிறது. சருகுக்குக் கீழே வேர் பின்னிய மண் உறிஞ்சுகிறது. அந்த மண் நாட்கணக்கில் மெல்ல மெல்ல ஓடைக்கு விடுகிறது. மழை நின்று வாரமான பிறகும் காட்டோடையில் தண்ணீர் தெளிவாக ஓடுவதன் ரகசியம் இதுதான். தேயிலை, காட்டுக்கு நிகர் இல்லை. 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கியபோது நம் முன்னோர் வெட்டித் திருத்தியதும் காடுதான். வெட்டிய புதிதில் அங்கேயும் மண் கரைந்துதான் இருக்கும். ஆனால் தேயிலைச் செடி வளர்ந்து தலையோடு தலை சேர்ந்துவிட்டால் மண்ணுக்கு ஒரு போர்வை கிடைத்துவிடுகிறது. முட்டைக்கோஸ் பாத்தியில் அந்தப் போர்வை இல்லை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறுவடை, மறுபடி கொத்து, மறுபடி நடவு. கொத்திய மண் திறந்து கிடக்கும் அன்று பெருமழை வந்தால் ஓடையில் ஓடுவது தேநீர் நிறத்துத் தண்ணீர்.

காய்கறி போடுகிறவரைக் குறை சொல்ல நான் இங்கே வரவில்லை. அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். "சார், பிளாஸ்டிக் போடாட்டி பயிர் அழுகிப் போகும். அழுகிப் போனா கடன்காரனுக்கு யார் பதில் சொல்றது?" நியாயமான கேள்வி. இந்த மண்டபத்தில் இருக்கும் பல குடும்பங்கள் அந்தத் தோட்டங்களில் சம்பளம் வாங்கித்தான் பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கின்றன. கோலாலம்பூர்க்காரர் தட்டில் விழும் கீரையும் தக்காளியும் நம் மலையிலிருந்துதான் லோரி ஏறிப் போகின்றன. ஆகவே "எல்லாத் தோட்டத்தையும் மூடு" என்பது பேச்சுக்குத்தான் அழகு. வயிற்றையும் காப்பாற்ற வேண்டும், மலையையும் காப்பாற்ற வேண்டும். அதற்கு வழி என்ன என்பதுதான் கேள்வி.

அணை இருந்தும் வெள்ளம்

"வெள்ளம் வருமுன் அணை போடு" என்பது நம் பழமொழி. ரிங்லெட்டில் அணை போட்டாகிவிட்டது. அப்படியிருந்தும் அணைக்குக் கீழே இருக்கும் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் 2013ஆம் ஆண்டு வெள்ளம் வந்தது. எப்படி?

அந்த ஏரியின் கொள்ளளவு முதலில் 67 லட்சம் கன மீட்டர். அதில் அடியில் இருந்த 20 லட்சம், வண்டல் படிவதற்கென்றே விட்ட இடம். மேலே இருந்த 47 லட்சம் தண்ணீருக்கு. கட்டியவர்கள் விவரம் தெரிந்தவர்கள். மலை ஏரிக்கு மண் வரும் என்று எதிர்பார்த்தே இடம் விட்டிருந்தார்கள். ஆனால் மேலே காடு திறக்கப்பட்டது, சரிவுகள் வெட்டப்பட்டன, சாலைகளும் கட்டடங்களும் பெருகின. அவர்கள் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு மண் இறங்கியது. ஐம்பது ஆண்டு ஆவதற்குள் ஏரியின் சுமார் பாதி மண்ணாகிவிட்டது. வாரி வாரி எடுத்தாலும் அடுத்த மழையில் மறுபடி வந்து படிகிறது. வாரிய மண்ணைக் கொட்ட இடம் தேடுவதும் பெரும்பாடாகிறது.

பாதி மண் நிரம்பிய குடத்தில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்? பெருமழையில் ஏரி மளமளவென்று ஏறுகிறது. அணையைக் காப்பாற்ற வேண்டுமானால் மதகைத் திறந்தே ஆக வேண்டும். திறக்காமல் அணை உடைந்தால் வரும் அழிவை நினைத்தும் பார்க்க முடியாது. 2013 அக்டோபர் 22 நள்ளிரவை ஒட்டி, மதகுகள் கட்டம் கட்டமாகத் திறக்கப்பட்டன. 23ஆம் தேதி விடிவதற்குள் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்தது. உயிர்கள் போயின. சுமார் 80 வீடுகளும் நூறு வாகனங்கள் அளவிலும் சேதமாயின.

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ஆற்று நீர் சுரங்கம் வழியாகப் பேராக்குக்குப் போய்விடுவதால், அணைக்குக் கீழே பெர்த்தாம் ஆறு ஆண்டு முழுவதும் இளைத்துப்போய்க் கிடந்தது. ஆறு இளைத்ததைப் பார்த்து மனிதன் நெருங்கினான். முதலில் கரையில் பாத்தி போட்டான். பிறகு கொட்டகை போட்டான், பிறகு வீடு கட்டினான். இது நம் மக்களுக்கு மட்டும் உள்ள புத்தி இல்லை; உலகத்தில் எல்லா ஆற்றங்கரையிலும் இப்படித்தான். ஆனால் ஆறு தன் அகலத்தை மறப்பதில்லை. என்றோ ஒருநாள் வந்து கேட்கிறது.

மறு ஆண்டும் ஓயவில்லை. 2014 நவம்பர் 5ஆம் தேதி மறுபடி மண்சரிவு, மறுபடி சேற்று வெள்ளம், மறுபடி உயிர்ச் சேதம். பழைய கதையைப் புரட்டினால், அணை கட்டி முடிவதற்கு முன்பே, 1961ஆம் ஆண்டில், ரிங்லெட்டில் நடந்த மண்சரிவில் 16 பேர் இறந்திருக்கிறார்கள். அண்மையில் 2024 ஜனவரி 26 அன்று ப்ளூ வேலியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த இடத்தின்மீது மண் சரிந்து, மியன்மாரிலிருந்து பிழைக்க வந்த ஐந்து பேர் மாண்டார்கள். நம் தாத்தா பாட்டி எப்படி வந்தார்களோ அப்படி வந்தவர்கள். அவர்களுக்காகவும் ஒரு நிமிடம் மனம் இரங்குவோம்.

கடல் கடந்த இரண்டு பாடங்கள்

நம் முன்னோர் வட ஆற்காடு, செங்கற்பட்டு, திருச்சி, தஞ்சை, சேலம் சீமைகளிலிருந்து வந்தவர்கள். அந்தச் சீமைகளில் ஏரி இல்லாத ஊர் குறைவு. ஏரிகளைத் தனித்தனியாக வெட்டவில்லை. சங்கிலிபோல் கோத்து வைத்தார்கள். மேல் ஏரி நிரம்பினால் மிகுதி நீர் கலிங்கு வழியாக வழிந்து கீழ் ஏரிக்குப் போகும். மேல் ஊர்க்காரன் கலிங்கை அடைத்தால் கீழ் ஊர் காயும். அவன் கரையைக் கவனிக்காமல் விட்டால் கீழ் ஊர் முழுகும். ஆகவே வண்டலை வாருவதும் கரையைக் கட்டுவதும் ஊர் கூடிச் செய்த வேலை. குடிமராமத்து என்று அதற்குப் பெயர். வாரிய வண்டல் வயலுக்கு எருவாகப் போனது.

அந்த ஒழுங்கு குலைந்தால் என்ன ஆகும் என்பதைச் சென்னை 2015இல் பார்த்தது. அந்த ஆண்டு டிசம்பர் 1 அன்று கொட்டிய பெருமழையில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. ஆற்றோரம் நெருங்கிக் கட்டியிருந்த வீடுகள் மூழ்கின. ஏன் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கவில்லை என்ற வாக்குவாதம் ஆண்டுக்கணக்கில் நடந்தது. பெர்த்தாம் பள்ளத்தாக்குக்கும் சென்னைக்கும் இடையே ஒரு கடல் இருக்கிறது. கதை ஒன்றுதான்: மேலே இடம் குறைந்தது, கீழே கரை நெருங்கியது, நடுவில் ஒரு மதகு.

இரண்டாவது பாடம் இலங்கையிலிருந்து. பதுளை மாவட்டத்தில் கொஸ்லாந்தை அருகே மீரியபெத்தை என்ற தேயிலைத் தோட்டம். அங்கே வாழ்ந்தவர்களும் நம்மைப்போல் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள்தாம். அந்த மலை சரியக்கூடும் என்று 2005இலும் 2011இலும் ஆய்வாளர்கள் எச்சரித்திருந்தார்கள். மக்களை வேறு இடத்தில் குடியேற்ற வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். காகிதத்தில் எழுதியது காகிதத்திலேயே இருந்தது. 2014 அக்டோபர் 29 காலையில் மலை சரிந்தது. லயன் வீடுகள் புதைந்தன. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பலர் தப்பினார்கள். திரும்பி வந்து பார்த்தபோது வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. புத்தகப் பையோடு நின்ற அந்தப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். திட்டம் தீட்டுவதற்கும் திட்டத்தை நடத்துவதற்கும் உள்ள இடைவெளி எவ்வளவு அகலம் என்று அப்போது தெரியும்.

சட்டம் இல்லையா?

"இதுக்கெல்லாம் சட்டம் இல்லையா?" என்று கேட்பீர்கள். தாராளமாக இருக்கிறது.

1960ஆம் ஆண்டு நிலப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இருக்கிறது. மலை நிலம் என்று அறிவித்த இடத்தில் அனுமதி இல்லாமல் மரத்தை வெட்டித் திறக்கக் கூடாது. குறுகிய காலப் பயிர் வைக்கக் கூடாது என்று அது சொல்கிறது. 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் எங்கே வீடு, எங்கே பயிர், எங்கே காடு என்று வரைந்து வைக்கும் உள்ளூர்த் திட்டம் அந்தச் சட்டத்தின்கீழ் வருவது. மலைச் சரிவை நான்கு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள்: 15 பாகைக்குக் கீழ், 15 முதல் 25, 25 முதல் 35, அதற்கு மேல். சரிவு கூடக் கூடக் கட்டுப்பாடும் கூட வேண்டும். ஆற்றோரம் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதற்கும் நீர்ப்பாசன, வடிகால் இலாகா அளவு வகுத்திருக்கிறது. ஐந்து மீட்டருக்குக் குறைந்த சிற்றோடைக்கு இரு கரையிலும் ஐந்தைந்து மீட்டர். நாற்பது மீட்டருக்கு மேற்பட்ட ஆற்றுக்கு ஐம்பது மீட்டர். 2001 முதல் அந்த இலாகா கொண்டுவந்த வடிகால் நெறிமுறை இன்னொன்றும் சொல்கிறது: கட்டடம் எழும்புவதற்கு முன் அந்த நிலத்திலிருந்து எவ்வளவு வேகத்தில் மழை நீர் வெளியேறியதோ, எழும்பிய பிறகும் அதற்கு மேல் வெளியேறக் கூடாது. மிகுந்த தண்ணீரை அந்த நிலத்துக்காரரே தேக்கி, மெல்ல விட வேண்டும்.

எவ்வளவு நல்ல விதி! பிறகு ஏன் இப்படி?

ஒரு காரணம், பொறுப்பு பல கைகளில் சிதறிக் கிடக்கிறது. அரசியலமைப்பின்படி நிலம் மாநில அரசின் அதிகாரம். அணை மின்சாரக் கம்பெனியுடையது. ஆறு ஓர் இலாகா, காடு ஓர் இலாகா, கட்டட அனுமதி மாவட்ட மன்றம், நில அனுமதி நில அலுவலகம். ஓடையில் விழுந்த மண் ஒரு கட்டியாவது "நான் எந்த இலாகாவைச் சேர்ந்தவன்?" என்று கேட்டுக்கொண்டு ஓடுகிறதா? தண்ணீர் ஒன்று, கோப்புகள் ஆறு.

இன்னொரு காரணம், நில அனுமதியின் தன்மை. இங்கே பல காய்கறி நிலங்கள் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டிய தற்காலிக அனுமதியில் நடந்து வந்திருக்கின்றன. அடுத்த வருஷம் நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவர், பத்து வருஷம் நிற்கும் கல் சுவரும் மண்பொறிக் குட்டையும் கட்டுவாரா? "வந்தவரைக்கும் லாபம்" என்றுதான் அவர் மனம் போகும். அனுமதியே இல்லாமல் திறந்தவர்கள் கதை வேறு. 2014 வெள்ளத்துக்குப் பிறகு அத்தகைய தோட்டங்களை அகற்றும் நடவடிக்கைகள் நடந்தன. அகற்றியது அவசியமாக இருக்கலாம். ஆனால் அகற்றிய சரிவில் மறுபடி மரம் எழாவிட்டால் அதுவும் திறந்த மண்தான். அடுத்த மழைக்கு அதுவும் ரிங்லெட்டுக்குத்தான் போகும்.

என்ன செய்யலாம்?

பெரியோர்களே, அரசாங்கத்துக்குப் புத்தி சொல்லும் அளவுக்கு நான் பெரியவன் இல்லை. ஆனால் மேட்டில் இருக்கிறவன் பள்ளத்தில் இருக்கிறவனுக்குப் பொறுப்பு என்ற ஒரே எண்ணத்தை வைத்துக்கொண்டால் நாலு காரியங்கள் தெளிவாகத் தெரிகின்றன.

முதலாவது, திட்டத்தை மனைவாரியாக வரையாமல் ஓடைவாரியாக வரைய வேண்டும். ஓர் ஓடைக்குத் தண்ணீர் கொடுக்கும் மேடு முழுவதும், தேயிலையோ, காய்கறியோ, ஹோட்டலோ, வாகன நிறுத்துமிடமோ, ஒரே கணக்கில் வர வேண்டும். அந்த ஓடை எவ்வளவு தாங்கும் என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகு அனுமதி கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, கட்டடக் கூரைக்கு வகுத்த நியாயம் பிளாஸ்டிக் கூரைக்கும் வேண்டும். நம் கணக்கை மறுபடி எடுங்கள். பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒரு குட்டை வெட்டினால் ஒரு லட்சம் லிட்டர் பிடிக்கும். ஓர் ஏக்கர் கூரையின் ஒரு மணி நேரப் பெருமழையில் பாதி அதில் அடங்கிவிடும். மண்ணும் அங்கேயே தங்கும். வெயில் காலத்தில் அதே தண்ணீரைப் பயிருக்குப் பாய்ச்சலாம். இதைச் செய்கிறவருக்கு நீண்ட கால நில அனுமதி கொடுத்தால், செய்வதற்கு மனம் வரும்.

மூன்றாவது, ஆற்றோர இடத்தை ஆற்றுக்கே விட வேண்டும். அங்கே குடியிருப்பவர்களை வெறுமனே விரட்டக் கூடாது. பெரும்பாலும் போக்கிடம் இல்லாதவர்தான் ஆற்றோரம் போகிறார். மாற்று வீடு முதலில், இடிப்பது பிறகு. மீரியபெத்தையின் பாடம் அதுதான். பணக்கார நாடான நெதர்லாந்தே, 1995 வெள்ளத்தில் சுமார் இரண்டரை லட்சம் மக்களை இடம்பெயர்த்த பிறகு, கரையை உயர்த்திக்கொண்டே போவதை மட்டும் நம்பாமல், ஆறு பரவுவதற்கு இடம் விடும் திட்டத்தைக் கையில் எடுத்தது.

நான்காவது, எச்சரிக்கை எல்லோருக்கும் புரிய வேண்டும். மதகு திறக்கும்போது சங்கு ஊதினால் மட்டும் போதுமா? அந்த ஒலி எதைக் குறிக்கிறது, எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பது மலாய், சீனம், தமிழ், அதோடு வங்காள, நேபாள, பர்மியத் தொழிலாளர்களின் மொழிகளிலும் சொல்லிவைக்கப்பட வேண்டும். நடுராத்திரியில் மழைச் சத்தத்துக்கிடையே அகராதி புரட்ட முடியாது.

நம் பங்கு

"இதெல்லாம் பெரிய இடத்து விவகாரம். தோட்டத்தில் வேலை செய்யும் நாம என்ன செய்ய முடியும்?" இந்தக் கேள்வியைத்தான் நான் மிகவும் எதிர்பார்த்தேன்.

நான் சொன்ன உள்ளூர்த் திட்டம் முடிவாவதற்கு முன், அதன் வரைவை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று அதே 1976ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், ஆட்சேபத்தை எழுதிக் கொடுக்கலாம். நிலச் சொந்தக்காரர் மட்டும்தான் பேசலாம் என்று இல்லை. ஆனால் அந்த மேசைக்கு முன்னால் நம்மவர் எத்தனை பேர் போய் நின்றிருக்கிறோம்? சினிமாக் கலை நிகழ்ச்சி என்றால் ஈப்போ வரை பஸ் பிடித்துப் போகிறோம். நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவு என்ன வகுப்பு என்று பார்க்கத் தானா ராத்தா வரை போகக் கூடாதா? தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் பெற்றோர் ஆசிரியர் சங்கமே ஒரு வேன் ஏற்பாடு செய்யட்டும். மலாய் நன்றாகத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் கூட வரட்டும். வரைபடத்தில் பள்ளி எங்கே, நம் வீடுகள் எங்கே, ஓடை எங்கே என்று பார்த்துவிட்டு, மனதில் பட்டதை மரியாதையாக எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம். எழுதிக் கொடுக்காதவன் குறை எந்தக் கோப்பிலும் ஏறாது.

மாணவர்களே, உங்களுக்கும் வேலை இருக்கிறது. பள்ளி வளாகத்தில் ஒரு மழைமானி வையுங்கள். காலை எட்டு மணிக்கு ஒருவர் அளந்து நோட்டில் எழுதட்டும். ஒரு கண்ணாடிப் போத்தலில் ஓடைத் தண்ணீரைப் பிடித்து வகுப்பறை சன்னலில் வைத்து, மறுநாள் அடியில் எவ்வளவு மண் தங்கியிருக்கிறது என்று அடிக்கோலால் அளந்து அதையும் எழுதுங்கள். ஆறு ஆண்டு எழுதினால், முதலாம் வகுப்பில் தொடங்கிய பிள்ளை ஆறாம் வகுப்பை முடிக்கும்போது, இந்த வட்டாரத்து மழையையும் மண்ணையும் பற்றி ஒரு நல்ல ஏடு நம் பள்ளியில் இருக்கும். திட்ட மேசைக்கு முன் போய் நிற்கும்போது "எங்க ஓடை கலங்குது சார்" என்று சொல்வதற்கும், "இந்த நோட்டைப் பாருங்கள்" என்று சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. அடுத்த ஆண்டு பரிசளிப்பு விழாவில், விடாமல் நோட்டு எழுதிய பிள்ளைக்கும் ஒரு பரிசு கொடுக்கும்படி தலைமையாசிரியர் அவர்களை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பரிசின் செலவு என்னுடையது.

வாசகர்களே, மலர் அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது விழா முடிந்திருக்கும், தோரணம் அவிழ்த்திருப்பார்கள். ஆனால் மழை காலம் வரும், வராமல் இருக்காது. இன்று பரிசு வாங்குகிற பிள்ளைகளில் ஒருவர் நாளை பொறியாளராகலாம், ஒருவர் மாவட்ட அதிகாரியாகலாம், ஒருவர் இங்கேயே சொந்தமாகக் காய்கறித் தோட்டம் வைக்கலாம். எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும், எந்தச் சரிவில் நின்றாலும், நமக்குக் கீழே ஒரு வீடு இருக்கிறது, அதில் ஒரு பிள்ளை தூங்குகிறது என்ற நினைப்பு அவர்களுக்கு இருக்குமானால், இந்தப் பள்ளி கொடுத்த கல்வி வீண் போகவில்லை என்று பொருள்.